ஏற இயலாத குன்றும் காண ஏறிய மலையும்

பீங்கான் தொழிலால் இன்று அறியப்படும் விருத்தாசலத்தின் தேவாரக் காலப் பெயர் திருமுதுகுன்றம். விருத்தம் முதுமையையும் அசலம் மலையையும் குறிக்கும் வடசொற்களாதலால், பழைய பெயரின் மொழிபெயர்ப்பே புதிய பெயர் எனலாம். ஆயினும் அவ்வூரில் ஏறி நிற்க மலை ஏதும் இல்லை. இறைவனே மலையாய் நின்றான் என்னும் தலபுராண மரபு, ஏறுவதை விடுத்து வலம்வருதலையே அடியார்க்கு உரியதாக்கியது.

தமிழகத்தில் மலையேற்றம் நெடுங்காலம் பெரும்பாலும் வழிபாட்டையோ தேனையோ வணிகத்தையோ நாடியதாகவே இருந்தது. குறிஞ்சி பாடிய புலவர்கள் மலையழகை அறியாதவர்கள் அல்லர். எனினும் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கென்றே பாதை வெட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு தந்த வழக்கமாகும். அமெரிக்க மிஷனரிகள் 1845இல் குடியேறிய கொடைக்கானலில், 1872இல் லெப்டினன்ட் கோக்கர் செங்குத்துச் சரிவின் விளிம்பில் அமைத்த, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ‘கோக்கர்ஸ் வாக்’ அதற்குத் தக்க சான்று.

மோட்டார் சாலை வருமுன், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து மக்கள் நடந்தும், குதிரையிலும், கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலும் மலையேறினர். அப்பாதை ‘கூலி காட்’ எனப்பட்டது. கோக்கரின் பெயர் நிலைத்தது. சுமந்தவர்களுக்குத் தொழிற்பெயர் ஒன்றே மிஞ்சியது.

கோக்கர்ஸ் வாக்கில் கதிரவன் முதுகுப்புறம் இருக்க, எதிரே பள்ளத்தாக்கை மேகம் நிறைக்கும் அரிய வேளையில், நிற்பவரின் நிழல் வண்ண வளையத்துடன் மேகத்தின்மீது விழும். ஜெர்மனியின் பிராக்கன் மலையில் முன்பே அறியப்பட்டதால், அது அம்மலையின் பெயராலேயே வழங்குகிறது.