வெண்சுவரில் கருங்கோடுகள்

பிரான்சு நாட்டின் தென்கடற்கரையில், நீஸ் நகரை அடுத்த குன்றுப்பகுதியில் வான்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே தொமினிக் சபைக் கன்னியருக்கென எழுந்த செபமாலை அன்னை சிற்றாலயத்தின் பின்சுவரில் சிலுவைப்பாதை தீட்டப்பட்டிருக்கிறது. நம் பங்கு ஆலயங்களில் பதினான்கு நிலைகளும் தனித்தனிச் சட்டங்களுக்குள் இருபுறச் சுவர்களிலும் அணிவகுத்து நிற்கக் கண்டு பழகியவர்கள் நாம். இங்கோ பதினான்கும் ஒரே சுவரில். வெண்ணிறப் பீங்கான் ஓடுகளின்மேல் முரட்டுக் கருங்கோடுகளாய், கீழிருந்து வளைந்து வளைந்து மேலேறுகின்றன. வண்ணம் ஏதுமில்லை. அருகில் கிறுக்கியது போன்ற எண்கள். அதன் நிழற்படத்தை முதன்முதலாகக் கண்டபோது நாமும் முகம் சுளித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. எழுத்துப் பழகும் சிறுவன் இதைவிடச் செம்மையாய் வரைவானே என்று தோன்றியது. அதை வரைந்தவர் கலையைக் குறித்து எழுதியவற்றைப் பின்னர் படித்தபோதுதான் நம் அவசரம் நமக்கு உறைத்தது.

வரைந்தவர் ஆன்றி மத்தீஸ். 1869இல் பிறந்தவர், தந்தை தானிய வணிகர். சட்டம் பயின்று எழுத்தராய்ப் பணிபுரிந்த இளைஞர், குடல்வால் நோயால் படுத்திருந்தபோது, பொழுதுபோக்காகத் தாய் வாங்கித் தந்த வண்ணப்பெட்டி அவர் வாழ்வைத் திசைதிருப்பியது. 1908இல் அவர் எழுதிய ‘ஓர் ஓவியனின் குறிப்புகள்’ என்னும் கட்டுரையில், தாம் கனவு காணும் கலை மனத்தைக் கலக்காத கலை என்றும், உழைத்துக் களைத்தவனுக்கு நல்லதொரு சாய்வு நாற்காலி தரும் இளைப்பாறுதலைப் போன்றது என்றும் கூறினார். இதைச் சுகவாசியின் பேச்சு என்று பலர் எள்ளினர். சிலுவைப்பாதை வரையப் பொருத்தமான ஆள்தானா இவர் என்று நாமும் கேட்கலாம்.

1941 சனவரியில் லியோன் நகரில் அவருக்குக் குடற்புற்றுக்கான அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்ததே அரிது. அங்கே அவரைப் பேணிய தொமினிக்கக் கன்னியர் அவரை ‘உயிர்த்தெழுந்தவர்’ என்றே அழைத்தனராம். அதன்பின் அவர் வாழ்வு பெரும்பாலும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமே கழிந்தது. தூரிகையுடன் நெடுநேரம் நிற்க இயலாதவர், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டி ஓவியம் அமைக்கலானார்.

1942இல் இரவுநேரத் தாதியாக அவரிடம் வந்தவர் மோனிக் பூர்ழுவா என்னும் இருபத்தொரு வயதுப் பெண். உங்கள் வண்ணங்கள் பிடிக்கின்றன, கோடுகள் பிடிக்கவில்லை என்று உலகப்புகழ் ஓவியரிடமே சொன்னவர் அவர். கிழவருக்கு அந்த வெளிப்படைப் பேச்சு பிடித்துவிட்டது. மோனிக் பின்னர் கன்னியர் மடம் சேர விழைந்தபோது மத்தீஸ் தடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. சகோதரி ழாக்-மரி என்னும் பெயருடன் அவர் வான்ஸ் நகருக்கே வந்து சேர்ந்தார். அங்கே கன்னியர் செபித்துவந்த இடம் மழைக்கு ஒழுகும் ஒரு பழைய கொட்டகை. புதிய ஆலயத்திற்கென அச்சகோதரி வரைந்த எளிய வண்ணக்கண்ணாடி மாதிரி ஒன்றைக் கண்டதில் தொடங்கியது மத்தீஸின் ஈடுபாடு. 1947 இறுதியில் ரெசிகியே என்னும் இளம் தொமினிக்கத் துறவியும் அவருடன் சேர்ந்து திட்டமிட்டார். செய்தியறிந்து சினந்த பிக்காசோ, ஆலயம் எதற்கு, காய்கறிச் சந்தை ஒன்றைக் கட்டிப் பழங்களை வரைவதுதானே என்று கடிந்தார். பொதுவுடைமைக் கட்சிக்காரரான அவரிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்! மடத்தாரிலும் எல்லாருக்கும் இம்முயற்சி உவப்பாயில்லை.

அகத்தூண்டல் மின்னலைப்போல் வந்து இறங்கும், கலைஞன் கைநீட்டி ஏந்திக்கொண்டால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வான்ஸ் ஆலயச் சாளரங்களின் கதை வேறு. முதலில் ‘விண்ணக எருசலேம்’ என்றொரு மாதிரி செய்தார், நிறைவில்லை, விலக்கினார். அடுத்து வெளிர்நீலச் சாளரமொன்றைப் பெருமுயற்சியுடன் அமைத்து முடித்தபின், கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டைகளுக்கு அதில் இடமே விடவில்லை என்பது தெரிந்தது! எழுபத்தெட்டு வயதைக் கடந்த நோயாளி, சலிக்காமல் மூன்றாம் முறை தொடங்கினார். இன்று அங்கே நாம் காணும் மஞ்சள், பச்சை, நீலம் கலந்த ‘வாழ்வின் மரம்’ அவ்வாறு பிறந்ததே. பச்சையும் நீலமும் ஒளி ஊடுருவும் கண்ணாடி. மஞ்சள் மட்டும் மங்கலாக்கப்பட்டது. எனவே வெளியுலகைக் காணும் கண் அம்மஞ்சளில் தடைபட்டு உள்ளே திரும்புகிறது.

சிலுவைப்பாதைக்கும் இதே உழைப்பு. மாந்தேஞ்ஞா, ரூபன்ஸ் முதலிய பழைய ஆசிரியர்களின் பாடுகள் பற்றிய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். கண்ணைக் கட்டினாலும் கை வரையுமளவுக்குக் காட்சி நெஞ்சில் பதிய வேண்டும் என்பது அவர் கொள்கை. நீண்ட மூங்கில் கழி நுனியில் கரித்துண்டைக் கட்டி, அறைச்சுவரில் பொருத்திய பெருந்தாள்களில் வரைந்தார். நாம் கிறுக்கல் எனக் கண்டது, கற்றவற்றையெல்லாம் துறந்த பின் எஞ்சியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் அவருடைய மகள் மார்கரீத் எதிர்ப்பியக்கத்தில் பணியாற்றி, 1944இல் நாசிகளின் கெஸ்டபோ காவலரிடம் சிக்கிச் சித்திரவதைக்குள்ளானார். வதைமுகாமுக்குச் சென்ற தொடர்வண்டியிலிருந்து உயிர்தப்பினார். 1945 தொடக்கத்தில் வான்ஸ் வந்து, தாம் பட்டதைத் தந்தையிடம் விவரித்தார். சாய்வு நாற்காலியின் இளைப்பாறுதலை நாடிய கை, அச்சுவரில் மட்டும் ஏன் அவ்வளவு கரடுமுரடாயிற்று என்று எண்ணும்போது, அம்மகளின் உடற்காயங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. இது நம் துணிபே.

மத்தீஸ் பற்றுமிக்க கத்தோலிக்கராய் வாழ்ந்தவர் அல்லர். 1947இல் வெளியான ‘ஜாஸ்’ என்னும் நூலில், கடவுளை நம்புகிறேனா எனத் தம்மையே வினவி, வேலை செய்கையில் நம்புவதாக விடைகூறுகிறார். பணிவோடிருக்கும் வேளையில், தம் ஆற்றலுக்கு மிஞ்சியவற்றைச் செய்ய யாரோ துணைநிற்பதாய் உணர்கிறாராம். ஆயினும் அத்துணைக்கு அவர் நெஞ்சில் நன்றி சுரப்பதில்லை. தந்திரம் புரியாத செப்படிவித்தைக்காரன் முன் அமர்ந்தவனைப்போல, தம் உழைப்பின் பயன் தமக்கு வாய்க்காமல் போனதாய் ஒரு மனக்குறையே எஞ்சுகிறது என்கிறார். இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தைப் பக்தி நூல்களிலும் நாம் அதிகம் கண்டதில்லை.

1951 சூன் 25ஆம் நாள் நீஸ் ஆயர் இரேமோன் ஆலயத்தை நேர்ந்தளித்தார். உடல்நலம் குன்றிய மத்தீஸ் வர இயலவில்லை. ஆயருக்கு அவர் விடுத்த மடலில், குறைகள் இருப்பினும் இதுவே தம் தலைசிறந்த படைப்பு என்று குறித்திருந்தார். 1954 நவம்பர் 3ஆம் நாள் நீஸில் அவர் உயிர்நீத்தார். ஆலய வேலைக்கென அவர் செய்த முழு அளவு மாதிரிகளுள் சில, 2011 முதல் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் தனி அறையொன்றில் வைக்கப்பட்டுள்ளன.

அவ்வாலயத்தில் புனித தொமினிக்குவுக்கு முகமில்லை. அன்னைக்கும் குழந்தைக்கும் முகமில்லை, வெறும் நீள்வட்டங்களே. சிலுவைப்பாதையிலும் ஒரே ஓர் இடத்தில்தான் மத்தீஸ் கண்ணும் வாயும் தீட்டினார்: ஆறாம் நிலையில், வெரோணிக்காவின் துகிலில்.