பாஸும் துட்டும்

ராதாபுரம் பஸ் ஸ்டாண்டில் வள்ளியூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் வந்து, “பாஸ், டிக்கெட்டுக்குத் துட்டு கொறையுது, ஒரு அஞ்சு ரூவா இருக்கா?” என்றான். கொடுத்த பிறகுதான் உறைத்தது. அவன் கேட்ட ஒரு வரிக்குள் இரண்டு டச்சுச் சொற்கள்.

துட்டு நம் கடற்கரை வழியாக வந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். முத்து, சங்கு, துணி என்று வியாபாரம் நடந்தது. அவர்களுடைய சின்னச் செப்புக்காசின் பெயர் ‘டௌட்’. அதுதான் நம் வாயில் துட்டு ஆனது என்பார்கள். இந்தோனேசியாவிலும் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். அங்கே பேச்சுவழக்கில் இன்றும் பணத்துக்கு ‘டுயிட்’ என்றுதான் பெயர்.

பாஸ் வந்தது சுற்றுவழி. இன்றைய நியூயார்க் அப்போது டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம். 1664இல் ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் ‘எஜமான்’ என்று பொருள்படும் ‘பாஸ்’ என்ற டச்சுச் சொல் அங்கேயே தங்கிவிட்டது. பின்னால் அமெரிக்காவின் வெள்ளைக்காரக் கூலியாட்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். ‘மாஸ்டர்’ என்பது அடிமை தன் உடைமையாளரைக் கூப்பிடும் சொல். நாங்கள் அடிமை இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் என்று காட்ட அவர்களுக்கு வேறொரு சொல் தேவைப்பட்டது. அதில் ரோஷமும் இருந்தது, கறுப்பர்களோடு தங்களைச் சேர்த்துவிடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. அதே சொல்லைத்தான் தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத் தொழிலாளிகள் வெள்ளைக்காரர்முன் தலைகுனிந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல் ஒன்றுதான். யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் தாத்தா பனையேறினவர். விளைக்காரரைக் கண்டால் தோள்துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். “எசமான்” என்பதைத் தவிர வேறு சொல் வராது. அந்த வீட்டுப் பேரன் என்னோடு படித்தவன். டீக்கடையில் பார்த்தால், “என்ன பாஸ், எப்ப வந்தீய?” என்கிறான். நானும், “நேத்துதான் பாஸ்” என்கிறேன். ரெண்டு பேருமே பாஸ். தாத்தா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார், கொஞ்சம் பயந்தும் இருப்பார்.

டீக்கு அவன்தான் துட்டு கொடுத்தான். விளை இன்னும் அவர்கள் பேரில்தான் இருக்கிறது.