விரல் நுனியில் ஓர் ஊகம்: பல்ஸ் ஆக்சிமீட்டரின் பிழை மறைந்திருந்த விதம்

2021 மே மாதக் கொரோனா அலையில் எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம் ஒன்றில் நாளுக்கு மூன்று வேளை ஓர் எண் எழுதப்பட்டது. ஆக்சிமீட்டரில் விரலை நுழைத்தால் முதலில் 91 காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தால் 93. நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்துவிட்டால் 95. நோட்டில் ஏறியது 95தான். 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று எல்லோருக்கும் மனப்பாடம்; ஆகவே கருவி நமக்குச் சாதகமாகச் சொன்னதை எழுதிக்கொண்டோம். ஆனால் நாங்கள் செய்த இந்தச் சின்னத் தில்லுமுல்லைவிட ஆழமான ஒரு சாய்வு கருவிக்குள்ளேயே இருந்தது. அது ஏன் அவ்வளவு காலம் கண்ணில் படவில்லை என்பதே இங்கு என் கேள்வி.

பல்ஸ் ஆக்சிமீட்டர் பிறந்த கதையிலேயே விடையின் ஒரு பாதி இருக்கிறது. ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த தகுவோ அவோயாகி, இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைச் சாயம் செலுத்திக் காதுமடல் வழியே கணிக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு அந்தக் கணக்கைக் குலைத்தது. தொல்லையாக வந்த துடிப்பையே அவர் சேதியாக மாற்றினார். 1974இல் அதை அறிவித்தார். சிவப்பு ஒளி (ஏறத்தாழ 660 நானோமீட்டர்), அகச்சிவப்பு ஒளி (ஏறத்தாழ 940) இரண்டும் விரலுக்குள் பாய்கின்றன. தோல், எலும்பு, சிரை எல்லாம் விழுங்கும் ஒளி மாறாதது. தமனி விழுங்குவது மட்டும் துடிப்போடு ஏறி இறங்குகிறது. ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து இரண்டு ஒளிக்கும் விகிதம் கண்டால், மாறாதவை அடிபட்டுப் போகும். அழகான யோசனை, சந்தேகமில்லை.

விகிதம் மட்டும் கிடைத்தால் இரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம் வந்துவிடாது. உடல்நலமுள்ள தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, தமனியிலிருந்து இரத்தம் எடுத்து ஒப்பிட்டு, இந்த விகிதத்துக்கு இந்தச் சதவீதம் என்று ஒரு வளைகோடு வரைகிறார்கள். 70 சதவீதத்துக்குக் கீழே ஆளை இறக்குவது ஆபத்து. அதற்கப்பால் கோட்டை நீட்டிக்கொள்கிறார்கள். ஆக, திரையில் தெரியும் 95 என்பது, இதே விகிதம் காட்டிய அந்த ஆட்களின் இரத்தத்தில் இவ்வளவு இருந்தது என்ற செய்திதான்.

தோலின் நிறமும் மாறாத பொருள். எனவே அதுவும் அடிபட்டுவிடும் என்றது கோட்பாடு. நடைமுறையில் எல்.இ.டி. ஒற்றை அலைநீளத்தை உமிழ்வதில்லை; மெலனின் அகச்சிவப்பைவிடச் சிவப்பை அதிகம் விழுங்குகிறது; விரலைக் கடந்து வரும் ஒளி மெலிகிறது. 1990இலேயே ஜுப்ரான், டோபின் இருவரும் வென்டிலேட்டர் நோயாளிகளிடம் இதைக் கண்டார்கள்: வெள்ளையரிடம் 92ஐ நம்பலாம், கறுப்பின நோயாளிகளிடம் 95 வேண்டியிருந்தது. கட்டுரை அச்சாயிற்று, பழக்கம் மாறவில்லை. 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வகுத்த வழிகாட்டுதலும் குறைந்தது பத்துப் பேரைச் சோதித்தால் போதும், அதில் கருநிறத்தார் இரண்டு பேர் அல்லது 15 சதவீதம் இருக்கட்டும் என்றது.

முப்பதாண்டு மௌனத்துக்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. ஆக்சிமீட்டரின் பிழையைக் காட்டக்கூடியது தமனி இரத்தச் சோதனை ஒன்றே. மணிக்கட்டில் ஊசி ஆழமாக இறங்கும், வலிக்கும். அந்த வலியைத் தவிர்க்கத்தானே ஆக்சிமீட்டரே வந்தது! சாட்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வழக்கு நடத்திய கதை. 2020இல் மானிடவியலாளர் ஏமி மோரன்-தாமஸ் எழுதிய ஒரு கட்டுரை தூண்ட, மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் மைக்கேல் ஷோடிங் குழுவினர், இரண்டு சோதனையும் சில நிமிட இடைவெளியில் நடந்த பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88க்குக் கீழே இருந்தவை, கறுப்பின நோயாளிகளின் பதிவுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6.

படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்காவது மூச்சை எண்ணிப் பார்க்க வழியுண்டு. ஆய்வாளரின் அட்டவணையில் எண் ஒன்றே இருக்கும். கொரோனா சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் டோசிலிசுமாப் மருந்துப் பிரிவில் சேர, ஆக்சிஜன் 92க்குக் கீழே இருக்கவேண்டும் அல்லது ஆக்சிஜன் சிகிச்சை தேவைப்படவேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நான் ஆய்வின் முடிவைக் குறைசொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு வாசற்படி வைத்தால், கருவி கூட்டிக் காட்டும் நோயாளி உள்ளே வராமலே போகக்கூடும். வராதவரைப் பற்றி முடிவு பேசாது. மருத்துவமனையில் வரும் பிழை ஒருவரைத் தாக்கும். ஆய்வின் வாசலில் வரும் பிழையோ, தன்னைக் கண்டுபிடிக்கும் தரவையே வெளியில் நிறுத்திவிடும்.

இந்த எண்களை அப்படியே நமக்குப் பெயர்த்துக்கொள்வதும் தவறு. அமெரிக்கப் பதிவேட்டில் ‘கறுப்பர்’ என்பது ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் அடையாளம், மெலனின் அளவன்று. நம் ஊரில் ஒரே குடும்பத்தில் எலுமிச்சை நிறமும் கருங்காலி நிறமும் உண்டு. அளக்கவேண்டியது இனத்தையன்று, அந்த விரலின் தோலை. 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல் இதை ஏற்கிறது: பத்துப் பேருக்குப் பதில் 150 பேர் அல்லது அதற்கு மேல், தோல்நிறத்தை அளவுகோல் வைத்தும் கருவி வைத்தும் குறித்தல். நல்ல திருத்தம். ஆயினும் அந்த 150 பேரும் உடல்நலமுள்ள தன்னார்வலர்களே. இரத்த அழுத்தம் சரிந்து, விரல் சில்லிட்டுக் கிடக்கும் நோயாளி அந்த வளைகோட்டில் இன்னமும் இல்லை.