கதிர்த்தடமறிதல்

கணினிச் சித்திரத்தின் ‘ரே ட்ரேசிங்’ முறையைக் ‘கதிர்வீச்சு’ என்று சிலர் எழுதக் காண்கையில், வீசுதல் வேறு, தடம்பற்றிச் செல்லுதல் வேறு என்று சொல்லத் தோன்றுகிறது. நெற்கதிர், ராட்டைக் கதிர், ஞாயிற்றின் கிரணம் ஆகிய மூன்றுக்கும் நம்மவர் ஒரே சொல்லை வழங்க, ஆங்கில ‘ரே’யோ சக்கரத்தின் ஆரத்தையும் குறித்த லத்தீன் ‘ரேடியஸ்’ வழி வந்தது. ‘ட்ரேஸ்’ என்பது இழுத்தலைக் குறித்த மூலத்தில் பிறந்து, சுவடு, சுவடு தேடல் என விரிந்தது. பார்ப்பவன் கண்ணிலிருந்து படப்புள்ளிதோறும் ஒரு கதிரைப் பின்னோக்கிச் செலுத்தி, அது கண்ணாடியில் பிரதிபலித்தும் நீரில் விலகியும் விளக்கைச் சேரும் மார்க்கத்தைக் கணிப்பதே இம்முறையாதலால் கணக்கு மிகும்; 1980-இல் ஆய்வாளர் டர்னர் விட்டெட் இவ்வாறு ஆக்கி வெளியிட்ட ஒரு படத்தைக் கணினி கணித்து முடிக்க 74 நிமிடங்கள் பிடித்தன. இன்றும் 1920-க்கு 1080 புள்ளித் திரையில், விநாடிக்கு 60 படமெனில், புள்ளிக்கு ஒன்றாகக் கண்ணிலிருந்து புறப்படும் முதற்கதிர்களே விநாடிக்கு 12 கோடியைத் தாண்டும். ‘கதிர்த்தடமறிதல்’ என்பதே இதற்குப் பொருத்தமென்பது என் அபிப்பிராயம்.