பச்சிலையும் பெயரும்

பச்சிலை மருத்துவத்தின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் இலையைப் பற்றியே பேசுகின்றனர். அவ்விலையை முதலில் சுட்டிக் காட்டிய விரல் யாருடையது என்று வினவுவோர் சிலரே. கேரள மண்ணில் முந்நூறு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் அவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றன.

முதலாவது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக இலத்தீனில் வெளிவந்த இப்பெருநூல் எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களைப் படத்துடன் விளக்குகிறது. அதற்கு மூலமாக அமைந்தது சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் தம் குடும்ப ஓலைச் சுவடிகளிலிருந்து சொன்ன செய்தியாகும். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரும் துணைநின்றனர். அச்சுதன் 1675-இல் அளித்த சான்றுரை முதல் தொகுதியிலேயே அச்சேறியது. நாட்டு வைத்தியர் ஒருவரின் பெயர் ஐரோப்பிய நூலில் மறைக்கப்படாமல் நின்றது அக்காலத்தில் அரிய செயலே. ஆயினும், அவ்வறிவு இலத்தீனுக்குள் சென்று தங்கிவிட்டது. பேராசிரியர் கா. சு. மணிலாலின் பல்லாண்டு உழைப்பால் அந்நூல் ஆங்கிலத்தில் 2003-இலும், மலையாளத்தில் 2008-இலும் வெளிவந்தது. சொன்னவரின் மொழிக்கு அது திரும்பிவர 330 ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, அகத்தியமலையில் நிகழ்ந்தது. தமிழகம், கேரளம் ஆகிய இருபுறமும் வாழும் காணி மக்கள், நெடுவழி நடக்கையில் ஒரு சிறுசெடியின் காயைத் தின்று களைப்பு நீங்குவர். 1987-இல் ஆய்வாளர் குழுவிற்கு வழிகாட்டச் சென்ற காணியர், முதலில் தயங்கிப் பின்னரே அச்செடியைக் காட்டினர். அதுவே 'ஆரோக்கியப்பச்சை'. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம், அதன் இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கியது. தயாரிப்பு உரிமை 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு, 10 இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டிற்கும் அளிக்கப்பட்டது. அவ்வருவாயில் பாதி காணியர்க்கு என முடிவாயிற்று. அதனைப் பெற 1997-இல் அறக்கட்டளை ஒன்றும் பதிவாயிற்று.

அச்சுதனுக்குப் பெயர் கிடைத்தது. காணியர்க்குப் பங்கும் கிடைத்தது. எனினும் குறை தீர்ந்ததென்று கூறவியலாது. குலமரபு காத்த அறிவை விற்கலாகாது என்று காணி மருத்துவர் சிலர் எதிர்த்தனர். காட்டினுள் அச்செடியைப் பயிரிட்டு எடுப்பதற்கு வனத்துறையும் தடை கூறியது. இலையின் பயனுக்குப் பங்கு உண்டு, இலையைப் பறிக்க உரிமை இல்லை என்னும் முரண்பாடு அங்கே தலைதூக்கியது. இந்தியாவின் உயிரியற் பன்மைச் சட்டம் பின்னர் 2002-இலேயே இயற்றப்பட்டது.

கவிஞர்களாகிய நமக்கும் இவ்வரலாறு அயலானதன்று. நாற்று நடவிலும் தாலாட்டிலும் பிறந்த பாடல்களைத் தொகுத்து நூலாக்கியோர் பெயர் அட்டையில் நிற்கிறது. பாடித் தந்த கிழவியின் பெயர் பல நூல்களில் முன்னுரையிற்கூட இல்லை. பச்சிலைக்கு உரிய நீதி பாட்டிற்கும் உரியதே. கேட்டு எழுதுவோர், சொன்னவரின் பெயரையும் ஊரையும் முதற்பக்கத்தில் பொறிப்பதும், அச்சேறிய படியை அவர் கையில் சேர்ப்பதும் கடனெனக் கொள்ளத்தக்கவை.