குறைந்த விலைச் செயற்கைக் கை

விபத்தில் கையிழந்தோரும் விரல்களின்றிப் பிறந்தோரும் பயன்படுத்துவதற்காக, மலிவான பொருள்களைக் கொண்டு, உள்ளூரிலேயே செய்து பழுதுபார்க்கும்படி அமைக்கப்படும் கருவி. பெரும்பாலும் மோட்டாரும் மின்கலமும் இன்றி, உடலின் அசைவாலேயே இயங்கும்.

தொடக்கம்

1504இல் லான்ட்ஷுட் முற்றுகையில் கையிழந்த ஜெர்மானிய வீரர் கோட்ஸ் ஃபான் பெர்லிஷிங்கனின் இரும்புக் கை புகழ்பெற்றது. அதன் விரல்களை மறு கையால் மடக்க வேண்டும். பிரபுக்களுக்கே கட்டுப்படியான கைவினை அது. உழைப்பாளிகளுக்கான திருப்பம் அமெரிக்காவில் நேர்ந்தது. மர அறுவை ஆலையில் வலக்கையை இழந்த டேவிட் டோரன்ஸ், 1912இல் பிளவுக் கொக்கிக்குக் காப்புரிமை பெற்றார். தோளை அசைத்தால் வாரோடு பிணைந்த கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும். தளர்த்தினால் ரப்பர் வளையங்கள் அதை மூடும். இவ்வகைக் கொக்கி இன்றும் புழக்கத்தில் உள்ளது.

1960களில் தசையின் மின் சமிக்ஞையால் இயங்கும் கைகள் சோவியத் ஒன்றியத்திலிருந்து பரவின. 2007இல் விற்பனைக்கு வந்த ஐ-லிம்ப் கையில் ஒவ்வொரு விரலுக்கும் தனி மோட்டார் இருந்தது. திறன் கூடியது, விலையும் எளியோருக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.

முப்பரிமாண அச்சு

2011இல் தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ், மர வேலையின்போது விரல்களை இழந்தார். அமெரிக்கக் கலைஞர் ஐவன் ஓவன் செய்திருந்த இயந்திரக் கையின் காணொளியைக் கண்டு அவரைத் தொடர்புகொண்டார். இருவரும் விரல்களின்றிப் பிறந்த ஒரு சிறுவனுக்கு உருவாக்கிய ‘ரோபோஹேண்ட்’ கையின் அச்சு வடிவமைப்பு, 2013இல் காப்புரிமைத் தடையின்றிப் பொதுவில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் ஜான் ஷல் தொடங்கிய ‘இ-நேபிள்’ அமைப்பின் வழியாகப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் இத்தகைய கைகளை அச்சிட்டு இலவசமாக வழங்கினர்.

அமைப்பு

அச்சிட்ட கையில், மணிக்கட்டைக் கீழே மடக்கினால், விரல்களுக்குள் ஓடும் நைலான் நரம்புகள் இழுபட்டு விரல்கள் மூடும். நிமிர்த்தினால் மீள்கயிறுகள் அவற்றைத் திறக்கும். எனவே உள்ளங்கையில் சிறிதேனும் எஞ்சி, மணிக்கட்டு அசைய வேண்டும். அது இல்லாதோருக்கு முழங்கையால் இயங்கும் வடிவங்கள் உண்டு. மூலப்பொருளின் செலவு சில பத்து டாலர்கள்தான். வளரும் குழந்தைக்கு அளவைப் பெரிதாக்கி மீண்டும் அச்சிடலாம்.

குறைகள்

இக்கைகளின் பிடி வலுவற்றது. கனமான பொருளைத் தூக்க உதவாது. இவற்றை அச்சிடப் பயன்படும், மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து பெறும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் உருக்குலையக்கூடும். ஆகவே தயாரிப்புச் செலவை மட்டும் வைத்து ஒரு கையை மலிவானது என்று கொள்ள முடியாது. அணிபவரின் ஊரிலேயே பழுதுபார்க்க முடிவதும், அன்றாட வேலைக்குத் தாங்குவதுமே அதன் உண்மையான விலையை முடிவு செய்கின்றன.