பதினோரு மணிச் சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமையானால் பட்டணத்துப் பிள்ளைகள் ‘பிரஞ்ச்’ சாப்பிடக் கிளம்பிவிடுகிறார்கள். காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் சேர்ந்து ஒரே வேளை. திருவல்லிக்கேணி என்றால் ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி, மயிலாப்பூர் என்றால் ராயர் மெஸ், புதுச்சேரி என்றால் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ். 1895-இல் கய் பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லுக்காக வாதாடினார்.

வரதராஜன்பேட்டைக் கிறிஸ்தவர்களுக்கு அந்த வேளை புதிதல்ல. நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவு முதல் எதுவும் உண்ணக்கூடாது என்பது பழைய சட்டம். 1953 வரை தண்ணீரும் கூடாது. பெரிய பூசை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் முதல் கவளம். நான் பிரெஞ்சில் படித்தவன். அம்மொழியில் ‘ழேன்’ என்றால் நோன்பு, ‘தெழெனே’ என்றால் நோன்பை முறிப்பது. இன்று பிரான்சில் மதியச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர்.

1957-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் நோன்பை மூன்று மணி நேரமாக்கினார். 1964-இல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் பிரிவு முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரத்தையும் தளர்த்திவிட்டது.

ஆனாலும் நம் வயதுக்காரர்கள் சிலர் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பூசைக்கு வருகிறார்கள். மயக்கம் வந்தால் யார் பதில் சொல்வது? இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பதினோரு மணிச் சாப்பாட்டைப் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.